செயற்கைப் போதைப்பொருள் வழக்குகளும் தண்டனைகளும்: கேள்வி பதில்

இந்தியாவில் செயற்கைப் போதைப்பொருள் தொடர்பான குற்றங்களை 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டமே கையாள்கிறது. நீதிமன்ற வளாகங்களில் என்டிபிஎஸ் என்று வழங்கப்படும் அந்தச் சட்டத்தின் கீழ் தொடரப்பட்ட வழக்குகளில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் நான் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறேன். தண்டனை குறித்துப் பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள் மட்டுமே; வழக்கு ஒன்றில் சிக்கியிருப்பவர்கள் தங்கள் ஆவணங்களை ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டிவிட வேண்டும்.

கல்லூரி மாணவர்: ஐயா, விற்பவருக்குத்தான் பெரிய தண்டனை, சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பவரை அபராதம் போட்டு விட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா?

சரியல்ல, தம்பி. இளைஞர்கள் பலரின் வாழ்க்கையைக் குலைத்த எண்ணம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சட்டத்தின் 22-ஆம் பிரிவு, செயற்கைப் போதைப்பொருட்கள் பலவும் அடங்கும் மனமயக்கப் பொருளைத் தயாரிப்பது, வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, கொண்டு செல்வது, பயன்படுத்துவது ஆகிய எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசுகிறது. விற்றவருக்கு ஒரு தண்டனை, வைத்திருந்தவருக்கு வேறொரு தண்டனை என்ற பாகுபாடு அதில் கிடையாது. தண்டனையைத் தீர்மானிப்பது எடை.

சிறு அளவாக இருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சிறு அளவுக்கும் வணிக அளவுக்கும் இடைப்பட்டதாக இருந்தால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக அளவைத் தாண்டிவிட்டால் குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு. அபராதம் ஒரு லட்சத்தில் தொடங்கி இரண்டு லட்சம் வரை போகும், காரணத்தைப் பதிவு செய்துவிட்டு நீதிமன்றம் அதற்கு மேலும் விதிக்கலாம். வணிக அளவு மெய்ப்பிக்கப்பட்டுவிட்டால், "நான் யாருக்கும் விற்கவில்லை, எனக்காகத்தான் வைத்திருந்தேன்" என்று எதிரி சொல்வதை நீதிபதி முழுமையாக நம்பினாலும் பத்தாண்டுக்குக் கீழே தண்டனை வழங்க அவருக்கு அதிகாரம் இல்லை.

நண்பர்கள் சொல்வது 27-ஆம் பிரிவை மனதில் கொண்டதாக இருக்கலாம். அது உட்கொள்வதற்கான தண்டனை. கோகெய்ன், மார்ஃபின், ஹெராயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு, சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு வைத்திருப்பதும் இந்தப் பிரிவுக்குள் அடங்கியது. இன்று அப்படி இல்லை. பையில் இருந்தது 22-க்குள் வரும். உடலுக்குள் போனது மட்டுமே 27-க்குள் வரும்.

தனியார் நிறுவன ஊழியர்: சிறு அளவு, வணிக அளவு என்றால் கிராம் கணக்கில் எவ்வளவு?

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி. 2001 அக்டோபர் 19 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கையிலும் அதன் பிந்தைய திருத்தங்களிலும் அந்த அட்டவணை இருக்கிறது. எக்ஸ்டசி எனப்படும் எம்.டி.எம்.ஏ.வுக்குச் சிறு அளவு 0.5 கிராம், வணிக அளவு 10 கிராம். மெத்தாம்பெட்டமைன், ஆம்பெட்டமைன், மெஃபெட்ரோன் ஆகியவற்றுக்கு 2 கிராமும் 50 கிராமும். எல்.எஸ்.டி.க்கு 0.002 கிராமும் 0.1 கிராமும். கெட்டமைனுக்கு 10 கிராமும் 500 கிராமும். கஞ்சாவுக்கு இந்த எண்கள் ஒரு கிலோவும் இருபது கிலோவும் ஆகும். கஞ்சா வழக்குகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்தவர்கள் அதே மனக்கணக்கைச் செயற்கைப் பொருட்களுக்கும் போட்டுப் பார்த்து ஏமாறுகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் 11 கிராம் எம்.டி.எம்.ஏ.வுக்கும் ஒரு மூட்டையில் இருக்கும் 21 கிலோ கஞ்சாவுக்கும் சட்டம் விதிக்கும் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றுதான்.

பெயர் வெளியிட விரும்பாதவர்: பிடிபட்ட தூளில் முக்கால்வாசி வேறு ஏதோ கலப்படம் என்று ஆய்வகம் சொன்னால், போதைப்பொருளின் எடையை மட்டும்தானே கணக்கிடுவார்கள்?

2008-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. பல எதிரிகள் அதனால் பயனடைந்தார்கள். ஆனால் 2020 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. கலப்புப் பொருளையும் சேர்த்து மொத்த எடையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே இன்றைய நிலை. 60 கிராம் தூளில் ஐந்து கிராம் மட்டுமே மெஃபெட்ரோனாக இருந்தாலும் வழக்கு 60 கிராமுக்கு, அதாவது வணிக அளவுக்கு நடக்கும். எல்.எஸ்.டி. தடவிய தாள்களில் தாளின் எடையையும் சேர்க்க வேண்டுமா என்ற வாதமும் நீதிமன்றங்களில் எழுந்திருக்கிறது. தூய எடைக்கேற்பத் தண்டனை இருப்பதே நியாயம் என்பது என் கருத்து. ஆயினும் என் கருத்தை நம்பி யாரும் வழக்கை எதிர்கொள்ள முடியாது.

ஒரு தாய்: ஐயா, இருபத்தொரு வயதான என் மகனிடம் மூன்று கிராம் எம்.டி.எம்.ஏ. இருந்ததாகச் சொல்லிக் கைது செய்திருக்கிறார்கள். போதைப்பொருள் வழக்கில் ஜாமீனே கிடைக்காது என்கிறார்கள். நான் என்ன செய்வேன்?

அம்மா, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜாமீனுக்குப் பெருந்தடையாக நிற்கும் 37-ஆம் பிரிவு எல்லா வழக்குகளுக்கும் பொருந்தாது. வணிக அளவு சம்பந்தப்பட்ட வழக்குகளிலும், 19 (உரிமம் பெற்ற விவசாயி அபினைக் கையாடல் செய்வது), 24 (அனுமதியின்றி வெளிநாடுகளுக்கிடையே போதைப்பொருள் வணிகம் செய்வது), 27-ஏ (போதைப்பொருள் கடத்தலுக்கு நிதியளிப்பது) ஆகிய பிரிவுகளின் கீழான வழக்குகளிலும் மட்டுமே அது குறுக்கே வரும். அத்தகைய வழக்குகளில், எதிரி குற்றம் செய்யவில்லை என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருப்பதாகவும், ஜாமீனில் இருக்கும்போது அவர் குற்றம் எதுவும் செய்யமாட்டார் என்றும் நீதிமன்றம் மனநிறைவு கொண்டால்தான் விடுவிக்க முடியும். உங்கள் மகன் மீதான குற்றச்சாட்டு மூன்று கிராம் மட்டும் என்றால் அது இடைப்பட்ட அளவு. பத்தாண்டு வரை தண்டனை சாத்தியம் என்றாலும் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை, 37-ஆம் பிரிவின் நிபந்தனைகளும் இல்லை. அவருடைய வயது, முன்வழக்கு இல்லாமை, படிப்பு ஆகியவற்றை எடுத்துச் சொல்லி ஜாமீன் கேட்க இடமிருக்கிறது.

முதல் தகவல் அறிக்கையில் 29-ஆம் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று உடனே பாருங்கள். அது உடந்தைக்கும் கூட்டுச் சதிக்கும் உரிய பிரிவு. வேறொருவரிடம் பிடிபட்ட பெரிய அளவோடு உங்கள் மகனையும் சதியாளராக இணைத்திருந்தால், அவர் கையில் மூன்று கிராம்தான் இருந்தது என்றாலும் வணிக அளவுக்குரிய கடுமை அவர் மீதும் பாயும். அந்த இணைப்புக்கு என்ன ஆதாரம் என்பதில்தான் உங்கள் வழக்கறிஞர் முதல் நாளிலிருந்தே கவனம் செலுத்த வேண்டும்.

நாள் கணக்கும் முக்கியம். வணிக அளவு வழக்குகளில் புலனாய்வை முடிக்க 180 நாள் அவகாசம் உண்டு; அரசு வழக்கறிஞரின் அறிக்கையின் பேரில் அதை ஓராண்டு வரை நீதிமன்றம் நீட்டிக்கலாம். மற்ற வழக்குகளில் பொதுவான 60 அல்லது 90 நாள் வரம்பே பொருந்தும். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது எதிரியின் உரிமையாகிறது.

வாடகை வீட்டில் வசிப்பவர்: அறைத்தோழர் அலமாரியில் வைத்திருந்ததற்கு நானும் பொறுப்பா? நான்கு பேர் செல்லும் காரில் பிடிபட்டால் நால்வருமே குற்றவாளிகளா?

அறிந்து வைத்திருப்பதே உடைமை. பொருள் அங்கே இருப்பதை அறிந்திருக்க வேண்டும், அதன் மீது ஓரளவு கட்டுப்பாடும் இருக்க வேண்டும். ஆனால் பொருள் உங்கள் வசம் இருந்தது என்பதை அரசுத் தரப்பு நிறுவிவிட்டால், 35, 54 ஆகிய பிரிவுகளின்படி உங்களுக்கு எதிரான அனுமானம் எழும். "எனக்குத் தெரியாது" என்பதை நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும், அதுவும் ஐயத்துக்கு இடமின்றி. பூட்டிய அலமாரியின் சாவி யாரிடம் இருந்தது, காரின் எந்த இருக்கைக்கு அடியில் இருந்தது, யாருடைய பை என்பன போன்ற சிறு விவரங்களில்தான் இவ்வகை வழக்குகள் தீர்மானமாகின்றன. தெரிந்தே தன் வீட்டையோ வண்டியையோ பயன்படுத்த விடுபவருக்கு 25-ஆம் பிரிவின்படி, அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை.

வாகன உரிமையாளர்: ஓட்டுநர் எனக்குத் தெரியாமல் ஏற்றிச் சென்றால் வண்டி போய்விடுமா?

60-ஆம் பிரிவின்படி வண்டி பறிமுதல் ஆகக்கூடும். தமக்கும் தம் பொறுப்பாளருக்கும் தெரியாமல், உடந்தை இல்லாமல் அது நடந்தது என்பதையும், நியாயமான முன்னெச்சரிக்கைகள் அனைத்தும் எடுக்கப்பட்டன என்பதையும் உரிமையாளர் மெய்ப்பித்தால் தப்பும்.

சட்டக்கல்லூரி மாணவி: சோதனை முறையாக நடக்கவில்லை என்றால் வழக்கு நிற்காது என்று படித்தேன். 50-ஆம் பிரிவைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஒருவரின் உடலைச் சோதனையிடும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில் சோதனையிடுமாறு கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்லியாக வேண்டும். அந்த உரிமையைத் தெளிவாகத் தெரிவிப்பது கட்டாயம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. பெண்ணைப் பெண்தான் சோதனையிட வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு உடல் சோதனைக்கு மட்டுமே. கையில் இருந்த பையிலோ வண்டியிலோ பொருள் கிடைத்தால் 50-ஆம் பிரிவு மீறப்பட்டது என்ற வாதம் எடுபடாது. கைப்பற்றிய பொருளின் பட்டியலும் மாதிரியும் நடுவர் முன்னிலையில் சான்றளிக்கப்பட வேண்டும் என்று சொல்லும் 52-ஏ பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். கைப்பற்றும்போது எழுதப்படும் மகஜரில் உள்ள எடைக்கும் ஆய்வகம் பெற்ற பொட்டலத்தின் எடைக்கும் வேறுபாடு இருந்தால், அது சிறு பிழையா வழக்கையே ஆட்டம் காணச் செய்வதா என்பதை அங்கேதான் தேட வேண்டும்.

இந்த நடைமுறைகளை நான் வெறும் சடங்குகளாகப் பார்ப்பதில்லை. பத்தாண்டுக்குக் குறையாத தண்டனையும் எதிரிக்கு எதிரான அனுமானமும் உள்ள ஒரு சட்டத்தில், நிரபராதிக்கு மிஞ்சியிருக்கும் கவசம் இவைதான்.

அதே மாணவி: அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம்?

2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொன்னது இது: இந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அதிகாரிகளும் காவல் அதிகாரிகளே, எனவே 67-ஆம் பிரிவின் கீழ் அவர்கள் பதிவு செய்யும் வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்க முடியாது. அதற்கு முன்பு அந்த ஒரே தாளை வைத்துத் தண்டனை பெற்றவர்கள் உண்டு.

மருந்துக்கடை உரிமையாளர்: தூக்க மாத்திரைகளை உரிமத்தோடு விற்கிறோம். எங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

மருத்துவத் தேவைக்காக, விதிகளின்படி, உரிமத்தோடும் ரசீதோடும் பதிவேட்டோடும் விற்பது குற்றமல்ல. அந்த வரம்பைத் தாண்டினால் உரிமம் காப்பாற்றாது. அல்பிரசோலமுக்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 100 கிராம். 2018 முதல் இச்சட்டத்துக்குள் வந்துவிட்ட வலிநிவாரணி டிரமடாலுக்கு 5 கிராமும் 250 கிராமும். முன்பு சொன்ன மொத்த எடைக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஓர் அல்பிரசோலம் மாத்திரையில் அரை மில்லிகிராம் மருந்துதான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரையின் எடை 100 மில்லிகிராம் என்றால், 1,100 மாத்திரைகள் 110 கிராம் ஆகிவிடும். கணக்கில் வராத ஒரு பெட்டி போதும். மருந்துச் சீட்டு இல்லாமல் கேட்டு வரும் இளைஞரைத் திருப்பி அனுப்புங்கள்.

நோயாளி: மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஊருக்கு எடுத்துச் செல்லலாமா?

தாராளமாக. சொந்த மருத்துவப் பயன்பாட்டுக்கு ஒரு நேரத்தில் நூறு மாத்திரைகள் வரை வைத்திருக்க விதி 66 இடமளிக்கிறது; நீண்டகாலச் சிகிச்சைக்கு மருத்துவர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்கலாம். மருந்துச் சீட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

வேதியியல் ஆசிரியர்: பட்டியலில் இல்லாத புதிய பொருளைத் தயாரித்தால் குற்றமாகாதா?

இச்சட்டம் பட்டியலை அடிப்படையாகக் கொண்டது. மெஃபெட்ரோன் 2015-இலும் கெட்டமைன் 2011-இலும்தான் சேர்க்கப்பட்டன. சேர்க்கப்படும் முன் செய்த செயலுக்குப் பின்னோக்கித் தண்டிக்க அரசியல் சாசனத்தின் 20-ஆவது கூறு அனுமதிக்காது. ஆனால் இதை ஒரு வழியாக யாரும் கருத வேண்டாம். பட்டியலில் உள்ள பொருளின் உப்புகளும் தயாரிப்புகளும் அதிலேயே அடங்கும். எஃபெட்ரின், சூடோஎஃபெட்ரின் போன்ற மூலப்பொருட்களைக் கட்டுப்பாட்டு ஆணையை மீறிக் கையாண்டாலே 25-ஏ பிரிவின்படி பத்தாண்டு வரை சிறை உண்டு.

ஓய்வு பெற்ற அலுவலர்: மரண தண்டனையும் இருக்கிறதாமே?

31-ஏ பிரிவில் இருக்கிறது. வணிக அளவுக் குற்றம் போன்றவற்றில் ஏற்கெனவே தண்டனை பெற்றவர், அந்தப் பிரிவில் குறிப்பிட்ட மிகப் பெரிய அளவில் மீண்டும் குற்றம் செய்தால் மட்டுமே அது பொருந்தும். முன்பு கட்டாயமாக இருந்ததை 2011-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது நீதிபதியின் தெரிவாக உள்ளது.

பள்ளி ஆசிரியை: பதினேழு வயதுப் பையனைக் கொண்டு பொட்டலம் கொடுத்தனுப்புகிறார்கள். அவன் கதி என்ன?

சிறுவர் நீதிச் சட்டம், 2015-இன் படி அவனைச் சிறுவர் நீதிக் குழுமத்தின் முன்புதான் நிறுத்த வேண்டும். ஆனால் வணிக அளவு என்றால் அது கொடுங்குற்ற வகையில் வரும். பதினாறு வயது நிறைந்தவனாக இருந்தால் அவனைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். அவனை அனுப்பியவருக்கு அதே சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் தனியாக உண்டு. உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவன் கையில் அடுத்த பொட்டலம் வருவதற்குள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒரு சகோதரர்: என் தம்பி பழக்கத்திலிருந்து மீள விரும்புகிறான். சிகிச்சைக்குப் போனால் காட்டிக்கொடுத்து வழக்குப் போடுவார்களோ என்று பயப்படுகிறான்.

அவரைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 27-ஆம் பிரிவின் கீழோ சிறு அளவு தொடர்பாகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையிலோ மையத்திலோ தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64-ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். இச்சட்டத்தில் பயன்படுத்தப்படாமல் கிடக்கும் மிக நல்ல பிரிவு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நான் பார்த்த எதிரிகளில் பலருக்குக் கைதாகும் வரை இதைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு தந்தை: கைதான முதல் நாளில் குடும்பம் செய்ய வேண்டியது என்ன?

கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். அந்த நேரத்தில் வழக்கறிஞர் ஒருவர் அங்கே இருக்கட்டும். கட்டணம் கொடுக்க இயலாவிட்டாலும் கவலை வேண்டாம், காவலில் இருப்பவர் எவராயினும் வருமானக் கணக்குப் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறலாம், எண் 15100. கைதான நேரம், இடம், உடன் இருந்தவர்கள், சோதனையின்போது சொல்லப்பட்டவை ஆகியவற்றை நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள். பணம் கொடுத்தால் எடையைக் குறைத்துக் காட்ட ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது வந்தால் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அது இன்னொரு வழக்காகும். மகஜரின் நகல் கிடைத்ததும் முதலில் எடையையும் முத்திரை விவரத்தையும் பாருங்கள்.