அம்மாவுக்கும் லீவு வேண்டும்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஆட்டிசம். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி என்று வாரம் முழுக்க அலைகிறேன். ராத்திரி எழுந்தால் விடியும்வரை தூங்கமாட்டான். மாமியார், ‘நீ வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆச்சு’ என்கிறார். கணவர் நல்லவர்தான், ஆனால் எல்லாம் என் தலையில்தான். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. எனக்கென்று நேரம் கேட்டால் சுயநலமா?
- வாசகி, திருச்சி

பதில்: சுயநலமே இல்லை. முதலில் மாமியார் விஷயம். தாய் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் (அவர் மகனுக்கும் ஆட்டிசம்தான்) 1964-லேயே அதை மறுத்து எழுதிவிட்டார். மரபணுக்களுக்குத்தான் இதில் பெரிய பங்கு, நீங்கள் வேலைக்குப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை நீங்கள் வாதாட வேண்டாம், உங்கள் கணவர் சொல்லட்டும். அவர் அம்மாதானே!

அந்த நல்லவரிடம் ‘கொஞ்சம் பார்த்துக்குங்க’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நீங்கள் படுத்த அஞ்சாவது நிமிடம் ‘இவன் என்னமோ கேக்கிறான் பாரு’ என்று குரல் வரும். வெள்ளி, சனி ராத்திரி முழுக்க அவர் பொறுப்பு, நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறீர்கள் என்று நாள் குறித்துப் பிரித்துவிடுங்கள், முதல் சில வாரம் அவர் திணறினாலும் எழுந்து போகாதீர்கள். பையனின் தூக்கத்தையும் ‘அவன் அப்படித்தான்’ என்று விட்டுவிட வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது சகஜம், டாக்டரால் நிறைய உதவ முடியும். எந்தப் பயிற்சியைக் குளிக்க வைக்கும்போதும் சாப்பிடும்போதும் வீட்டிலேயே செய்யலாம் என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள், வாரத்தில் ஒரு அலைச்சலாவது குறையும்.

பணக்கவலையும் உங்களைத் தின்றுகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கிவிட்டால் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவுக்கும் அதில் இடமுண்டு. மத்திய அரசு ஊழியராக இருந்தால் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள், மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு வயது வரம்பு கிடையாது.

அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்களுக்காக ஒரு டாக்டரைப் பாருங்கள், மகனுக்காக இல்லை. உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

கேள்வி: தங்கை மகளுக்கு ஆட்டிசம். தங்கைக்கு நான் என்ன செய்யலாம்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் கேட்கவே மாட்டார். வாட்ஸ்அப்பில் வரும் அதிசய மருந்து வீடியோக்களை அனுப்பாதீர்கள், அதுவே பாதி உதவி. வாரம் ஒரு நாள் போய்க் குழந்தையோடு பழகுங்கள், அதற்கு எந்தச் சத்தம் ஆகாது, என்ன சாப்பிடும் என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் தங்கையை ரெண்டு மணி நேரம் வெளியே அனுப்பிவிட்டு நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். வீட்டு விசேஷங்களுக்கும் குழந்தையோடு வரச் சொல்லிக் கூப்பிடுங்கள், மேளச் சத்தத்தில் அது காதைப் பொத்திக்கொண்டு அழுதால் மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போகிற ஆள் நீங்களாக இருங்கள், தங்கை பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடட்டும்.