மையத்திலிருந்து 350 கி.மீ. தள்ளியிருந்த மெக்சிகோ நகரம் 1985 நிலநடுக்கத்தில் ஏன் இடிந்தது?

நகரின் நடுப்பகுதி ஒரு பழைய ஏரிக்குள் நிற்கிறது. அதுதான் காரணம்.

டெஸ்கோகோ ஏரியின் தீவில் ஆஸ்டெக் மக்கள் கட்டிய டெனோச்டிட்லான்தான் இன்றைய நகர மையம். ஸ்பானியர் காலத்தில் ஏரியை வடித்து, படுகை மீதே ஊரை விரித்தார்கள். அடியில் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு, எரிமலைச் சாம்பலில் உருவான களிமண். மண் பரிசோதனை வேலையில் இருக்கும் எனக்கு இதில் வியப்பு அடங்கவே இல்லை: பல இடங்களில் ஒரு கிலோ உலர்மண்ணுக்கு மூன்று, நான்கு கிலோ தண்ணீர்! சாம்பிளை எடுத்து விரலால் பிசைந்தால் கூழாகிவிடும்.

1985 செப்டம்பர் 19, காலை 7.17. பசிபிக் கரையோரத்தில் 8 அளவில் நிலநடுக்கம். அவ்வளவு தூரம் வருவதற்குள் அதிர்வு அடங்கிப்போயிருக்க வேண்டும். எரிமலைப் பாறை மேல் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் அப்படித்தான் நடந்தது: அங்கே பதிவான உச்ச முடுக்கம் (நிலம் எவ்வளவு பலமாக உலுக்கப்பட்டது என்பதன் அளவு) புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 3 சதவீதம். அதே ஊரில், ஏரிப்படுகையில் இருந்த போக்குவரத்து அமைச்சக வளாகத்தில் 17 சதவீதம். மையத்தை ஒட்டிய கடற்கரைப் பாறைகளில் பதிவானதைவிட இது குறைவில்லை.

அளவைவிட ஆபத்தானது தாளம். அந்தக் களிமண் அங்கே ஏறக்குறைய 2 நொடிக்கு ஒருமுறை ஆடியது. ஊஞ்சல் வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகுமே, அந்த நிலைதான் கட்டடங்களுக்கு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒருமுறை ஆடி முடிக்கத் தனக்கென ஒரு நேரம் உண்டு; பத்து மாடிக்கு ஒரு நொடி என்பது நாங்கள் போடும் தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 20 மாடிக் கட்டடங்கள்தானே விழுந்திருக்க வேண்டும்? ஆனால் அதிகம் அடிபட்டவை 6 முதல் 15 மாடி வரை உள்ளவை. மென்மையான அடித்தள மண்ணும் விரிசலும்தான் இதற்குக் காரணம். அடியில் மண் நெகிழ்ந்துகொடுத்தால் கட்டடம் ஆடும் நேரம் நீளும். தூணும் உத்தரமும் விரிசல் விட விட விறைப்பு குறையும், அந்த நேரம் இன்னும் நீளும். அதாவது, அடிபட அடிபட அது மண்ணின் தாளத்தை நோக்கியே நகர்ந்திருக்கிறது. அந்த வட்டாரத்தில் 44 மாடி டோரே லத்தினோஅமெரிக்கானா தப்பியது. உயரம் குறைந்த பழைய கட்டடங்கள் பலவும் தப்பின.

2017-ல், அதே செப்டம்பர் 19 அன்று, சுமார் 120 கி.மீ. தூரத்தில் 7.1 அளவில் இன்னொன்று வந்தது. அதில் வேகமான அதிர்வுகள் அதிகம். களிமண் மெலிந்து வரும் ஏரியின் மேற்கு ஓரத்தில் மண்ணின் தாளமும் வேகமானது. அதனால் இம்முறை அங்கே பலத்த அடி வாங்கியவை பெரும்பாலும் 1985-ல் அடிபட்டவற்றைவிட உயரம் குறைந்த கட்டடங்கள்.

இந்தியாவில் கேட்டால் 2001-ன் அகமதாபாத்தைச் சொல்வேன். பூஜ் நிலநடுக்க மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால், சபர்மதி வண்டல் மேல் பல அடுக்குமாடிகள் இடிந்தன. அங்கே மண்ணை மட்டும் குறைசொல்ல மாட்டேன். கார் நிறுத்தக் கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் தூணில் நின்றவை அவற்றில் பல.