ஹோமரை மொழிபெயர்த்தே போப் எப்படிப் பணக்காரர் ஆனார்?

கையெழுத்துப் பிரதியை ஒரே தொகைக்கு விற்றுவிடுவதே அன்றைய லண்டன் வழக்கம். பிற்பாடு வரும் லாபமெல்லாம் பதிப்பாளருக்கு. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் முன்பதிவை, அதாவது நூல் வருமுன்பே வாசகரிடம் பணம் வாங்குவதை, நம்பினார். 1714இல் பதிப்பாளர் லிண்டாட்டுடன் அவர் போட்ட ஒப்பந்தம் அபாரமானது: ஹோமரின் கிரேக்கக் காப்பியமான 'இலியட்' 6 தொகுதிகள், தொகுதிக்குப் போப்புக்கு 200 கினி (அன்றைய ஆங்கிலப் பொற்காசு), முன்பதிவுப் பிரதிகளும் அவருக்கு இலவசம். முன்பதிவுப் பணம் முழுக்க போப்புக்கே. முன்பதிவு செய்பவர் சேரும்போது 2 கினி, இரண்டாம் தொகுதியிலிருந்து கைக்கு வரவர ஒவ்வொரு கினி, கடைசித் தொகுதிக்கு எதுவும் இல்லை. 575 பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் செதுக்கோவியங்களுடன் குவார்ட்டோ (தாளை நான்காக மடித்த அளவு). கடை விற்பனைக்கு லிண்டாட் ஃபோலியோ (தாளை இரண்டாக மடித்த பெரிய அளவு) போட்டார். அடி விழுந்தது அங்கேதான். ஹாலந்தில் சிறிய, மலிவான திருட்டுப் பதிப்பை அச்சிட்டுக் கடத்திவந்தார்கள். 1710ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் புது நூலுக்கு 14 ஆண்டு உரிமை தந்தது. ஹாலந்து அச்சகம் அதற்கு எட்டாது. லிண்டாட்டும் மலிவுப் பதிப்பில் இறங்க வேண்டியதாயிற்று.