பாத்தி பெரிதானால்…

கேள்வி (வாசகர், ஈரோடு): ஐயா, எங்கள் தறிக்கூடத்தில் மீட்டர் கணக்கு எடுக்கும் புரோகிராம் ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி போர்டில் மூன்று வருடம் ஒழுங்காக ஓடியது. போர்டு போய்விட்டதால் பை 5 வாங்கி, புது ஓ.எஸ். போட்டு, புரோகிராமை அப்படியே காப்பி செய்தேன். தொடங்கியதுமே ‘அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. எழுதிக் கொடுத்தவர் தொடர்பில் இல்லை, சோர்ஸ் கோடும் கையில் இல்லை. 8 ஜி.பி. மெமரியும் போதவில்லையா?

பதில்: மெமரி தாராளமாகப் போதும். தகராறு அளவில் இல்லை, வரப்பில் இருக்கிறது.

ஓ.எஸ்.ஸின் மையப் பகுதியான கெர்னல், மெமரியைப் பாத்தி பாத்தியாகத்தான் புரோகிராம்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்தப் பாத்திக்குப் பெயர் பேஜ். உங்கள் பை 4-இல் ஒரு பாத்தி 4,096 பைட். பை 5-இன் 64 பிட் ஓ.எஸ்.ஸில் வழக்கமாக வரும் கெர்னல் அதை 16,384 ஆக்கிவிட்டது. காரணம் வேகம்: உதாரணமாக 4 ஜி.பி. மெமரிக்கு முன்பு 10,48,576 பாத்திகளின் கணக்கு வைக்க வேண்டும், இப்போது 2,62,144 போதும். உங்கள் புரோகிராமோ, வரப்பு 4,096-இல்தான் இருக்கும் என்று எண்ணியே கம்பைல் ஆனது. ஜெமாலக் என்ற மெமரி லைப்ரரி உள்ளே இருந்தால் நீங்கள் சொன்ன அதே வாசகத்தைச் சொல்லி விலகிக்கொள்ளும். அது நேர்மையான லைப்ரரி. மற்றவை பல காரணமே சொல்லாமல் விழும்.

முதலில் டெர்மினலில் ‘கெட்கான்ஃப் பேஜ்சைஸ்’ என்று அடியுங்கள் (முதல் சொல் சிறிய எழுத்தில், இரண்டாவது பெரிய எழுத்தில்). 16384 என்று வந்தால் நோய் இதுதான். சோர்ஸ் இல்லாததால் பழைய பாத்திக்குத் திரும்புவதே வழி. பூட் பகுதியில் ‘ஃபர்ம்வேர்’ ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, கடைசியில் ‘ஆல்’ என்ற தலைப்புக்குக் கீழே ‘கெர்னல்=கெர்னல்8.ஐஎம்ஜி’ என்று ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்யுங்கள். அது 4,096 பாத்தி கொண்ட கெர்னல், ஏற்கெனவே கார்டில் இருக்கிறது. வேகம் சற்றுக் குறையலாம். மீட்டர் கணக்குக்கு அது தெரியப்போவதில்லை.

நானும் இதில் விழுந்து எழுந்தவன்தான். மழை அளவு பதியும் சின்னப் புரோகிராம் ஒன்றை நானே எழுதி வைத்திருந்தேன். பெரிய ஃபைலை 4,096 பைட் துண்டுகளாக எம்மேப் செய்து, அதாவது ஃபைலின் பகுதியை நேரே மெமரியில் பொருத்தி, படிக்கும். பை 5-இல் முதல் துண்டு வந்தது, அடுத்தது ‘இன்வேலிட் ஆர்க்யுமென்ட்’. எஸ்.டி. கார்டின் மேல் சந்தேகப்பட்டு, வெயிலில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்தேன். அதிலும் அதே கதை. அப்புறம்தான், புரோகிராம் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்டிரேஸ் போட்டுப் பார்த்தேன். ஃபைலில் எந்த இடத்திலிருந்து வேண்டும் என்று கேட்கிறோமோ, அது பாத்தியின் வரப்பில் இருந்தாக வேண்டும். 4,096 இப்போது பாத்தியின் நடுவில்! பூஜ்யம், நாலு, எட்டு என்று நாலின் மடங்கான துண்டுகள் மட்டும் கிடைக்கும், இடையில் உள்ள மூன்றும் கிடைக்காது. 4096 என்ற எண்ணைக் கோடில் எழுதியது என் சோம்பேறித்தனம். பேஜ் அளவு என்ன என்று ஓ.எஸ்.ஸையே கேட்க ‘சிஸ்கான்ஃப்’ இருக்கிறது, ஒரே வரி. கார்டுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): லினக்ஸில், விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் வழியாக விண்டோஸ் 3.1 காலத்துக் கணக்குப் புரோகிராமை ஓட்ட, ‘எம்மேப் மின் அட்ரஸ்’ என்ற அளவைப் பூஜ்யமாக்கச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா சார்?

பதில்: வேண்டாம் அம்மா. மெமரியின் முதல் 65,536 பைட்டை எந்தப் புரோகிராமும் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பூட்டு அது. கெர்னலில் ஏதாவது பிழை பூஜ்ய முகவரிக்குத் தாவினால், அங்கே ஒருவர் தன் புரோகிராமை வைத்துக் காத்திருக்க முடியும். 2009-இல் அப்படிப்பட்ட ஓட்டைகள் வெளியே வந்தன. பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸ் 3.1-ஐ நிறுவி அங்கே ஓட்டுங்கள். பிரிண்ட் எடுப்பதுதான் கொஞ்சம் இம்சை.