டியூ சாப்பிட்ட மதியச் சாப்பாடு

அன்புள்ள சார்,

நீங்கள் சொன்னதால் கிரிப்பன் கொலை வழக்கு பற்றி இன்ஸ்பெக்டர் வால்டர் டியூ எழுதிய நூலைப் படித்தேன். கொலைகாரனோடு ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு அவனைத் தப்பவிட்டவர், 28 வருடம் கழித்து ‘நான் கிரிப்பனைப் பிடித்தேன்’ என்று தலைப்பு வைப்பது ஓவராக இல்லையா? தன் தவறை மூடி மறைக்கத்தானே இந்தப் புத்தகம்?

எம்.

அன்புள்ள எம்.,

தலைப்பு ஓவர்தான். மற்றதில் எனக்குச் சம்மதம் இல்லை.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1910 பிப்ரவரி தொடக்கத்தில் லண்டனில் டாக்டர் கிரிப்பனின் மனைவி கோரா காணாமல் போனார். மேடைப் பாடகி. அமெரிக்காவில் இறந்துவிட்டதாகக் கிரிப்பன் சொன்னதைத் தோழிகள் நம்பவில்லை. கோராவின் ப்ரூச்சை கிரிப்பனின் டைப்பிஸ்ட் எதெல் லீ நீவ் குத்திக்கொண்டு விருந்துக்கு வந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். பெண்களின் கண்ணுக்கு இது போதாதா? புகார் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது.

ஜூலை 8 அன்று டியூ விசாரிக்க வந்ததுமே, தான் சொன்னது பொய் என்று கிரிப்பன் ஒத்துக்கொண்டார். மனைவி வேறொருவனோடு போய்விட்டாள், அவமானத்துக்குப் பயந்துதான் ‘இறந்துவிட்டாள்’ என்று சொன்னேன் என்றார். ஒரு பொய்யைக் கொடுத்து அடுத்த பொய்யை விற்கிற கெட்டிக்காரத்தனம். வாக்குமூலத்துக்கு நடுவே இருவரும் சேர்ந்து சாப்பிடப் போனார்கள். கவலையே இல்லாத மனுஷன் மாதிரி கிரிப்பன் ரசித்துச் சாப்பிட்டார் என்று டியூ எழுதுகிறார். அப்புறம் ஹில்ட்ராப் கிரசென்ட் 39ஆம் எண் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், நிலக்கரி போடும் நிலவறை உட்பட. டியூ நின்ற செங்கல் தரைக்கு அடியில்தான் எல்லாம் இருந்தது.

வீட்டைப் பார்த்தும் ஒன்றும் கிடைக்காததை அவரால் மறைக்க முடியாது; ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் எதிரில் உட்கார்ந்தவன் எப்படிச் சாப்பிட்டான் என்பதை எழுதவேண்டும் என்று அவருக்கு என்ன கட்டாயம்? தன்னை நல்லவிதமாகக் காட்டிக்கொள்ள நினைப்பவர் முதலில் வெட்டியெறிவது அந்த இடத்தைத்தான்.

நீங்கள் சந்தேகப்பட்டிருக்கவேண்டிய இடம் வேறு. மூன்று நாள் கழித்துப் போனால் ஆள் இல்லை. 13ஆம் தேதி செங்கல் இடுக்கில் கம்பியைச் செருகிப் பார்த்து, தோண்டி, தலையும் எலும்பும் இல்லாத உடல் மிச்சத்தை எடுத்தார்கள். படுத்தால்கூட அந்த நிலவறை நினைப்புதான் என்கிறார் டியூ. இருக்கலாம். ஆனால் கிடைத்தபிறகு எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். இங்கே அவரை நான் பாதிதான் நம்புகிறேன்.

பிடித்த பெருமையும் கப்பல் கேப்டன் கெண்டலுக்குத்தான் போகவேண்டும். ஆன்ட்வெர்ப்பிலிருந்து கனடாவுக்குக் கிளம்பிய மான்ட்ரோஸ் கப்பலில் ‘ராபின்சன்’ என்ற பெயரில் அப்பாவும் மகனும்; அப்பா கிரிப்பன், மகன் ஆண் வேடத்தில் எதெல். மகனின் பேன்ட்டைப் பின் குத்திப் பிடித்திருந்தது, இருவரும் கைகோத்து நடந்தார்கள். கெண்டல் வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பினார். டியூ அதைவிட வேகமான லாரன்டிக் கப்பலில் முந்திப் போய், ஜூலை 31 அன்று கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டின் உடையில் மான்ட்ரோஸில் ஏறினார். ‘குட் மார்னிங், டாக்டர் கிரிப்பன்’ என்றார்.

வருத்தமில்லை, இந்தப் பதற்றம் தாங்கமுடியவில்லை என்றார் கிரிப்பன். நவம்பர் 23 அன்று தூக்கு. எதெல் விடுதலையானார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் அந்த மதியச் சாப்பாட்டுப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
ச.