சளியா, சேறா?

ஆஸ்பத்திரி லேபில் கிருமி பார்க்கும் வேலையைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களை ஆசிரியர் என்னிடம் தள்ளிவிட்டார். பாலக்காட்டில் 26 வருடம் அதே வேலை பார்த்துவிட்டு இப்போது கொழிஞ்சாம்பாறையில் வீட்டோடு இருப்பவள் நான். எனக்கும் பொழுது போக வேண்டுமே.

பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மைக்ரோபயாலஜிஸ்ட் ஆக ஆசை. நீட் மார்க் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு எட்டவில்லை. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தால் போதும் என்கிறான் அண்ணன். போதுமா?
- மாணவி, வேலந்தாவளம்

போதாது கண்ணு. உன் அண்ணன் சொன்ன வழியில் போய் முட்டிக்கொண்டவள் நான். 1995ல் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு வெள்ளைக் கோட்டுக் கனவோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: "எம்.எல்.டி. (மெடிக்கல் லேப் டெக்னாலஜி) இருக்கா?" இல்லை. ஒரு வருடம் ஐஸ்கிரீம் கம்பெனியில் உட்கார்ந்து கோலிஃபார்ம் என்ற கிருமியை எண்ணினேன். வெறும் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜிக்குப் பால் பண்ணை, மருந்து கம்பெனி, குடிநீர்ப் பரிசோதனை எல்லாம் உண்டு. அவை மோசமான வேலைகள் இல்லை. ஆனால் நீ கேட்டது ஆஸ்பத்திரி.

அதற்கு பி.எஸ்சி. எம்.எல்.டி. படி. பிளஸ் டூ மார்க் போதும், நீட் தேவையில்லை. இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நாலு வருடம் என்று வைத்துக்கொள். ரத்தம் எடுப்பது, பயோகெமிஸ்ட்ரி, பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி என்று எல்லாப் பெஞ்சிலும் உட்கார வைப்பார்கள். கிருமிதான் பிடிக்கிறது என்று அப்போதும் தோன்றினால் எம்.எஸ்சி. மெடிக்கல் மைக்ரோபயாலஜிக்குப் போகலாம். மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலும் மூன்று வருடம், மற்ற இடங்களில் இரண்டு.

நம் எல்லைப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பள்ளிக்கூடம் கேரளத்தில், மாமா வீடு பொள்ளாச்சியில் என்று இருப்போம். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்குப் போனால் இருப்பிடச் சான்று கேட்பார்கள். கேரளத்தில் எல்.பி.எஸ். சென்டர் என்ற அரசு அமைப்பு வழியாகத்தான் ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே கேரளத்தில் வேலைக்கு வந்தால் கேரளப் பாராமெடிக்கல் கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்பார்கள். நீ சேரப்போகும் படிப்பையும் கல்லூரியையும் அந்தக் கவுன்சில் ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டு. சேர்ந்த பிறகு பார்த்து அழுத பிள்ளைகள் எங்கள் லேபிலேயே இருந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ்., எம்.டி. வழியாக வராவிட்டால் ரிப்போர்ட்டில் கையெழுத்து உன்னுடையதாக இருக்காது. நான் வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) வாரம் இரண்டு நாள் ஒரு டாக்டர் வருவார். கிருமி வளர்க்கும் பிளேட்டைத் திறந்தும் பார்க்காமல் அறுபது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போவார். என் பெயர் கீழ் மூலையில் இரண்டு எழுத்தாக இருக்கும். இந்தக் கையெழுத்துத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. பேத்தாலஜியில் முதுகலை முடித்த டாக்டர்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்திட வேண்டும் என்று 2017 டிசம்பரில் சொன்னார்கள். மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் வேலையும் இப்படித்தான். 2020ல் எங்கள் பாடத்தில் எம்.எஸ்சி.காரர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள், 2025 விதிகளில் பிஎச்.டி. இருந்தால் வரலாம் என்று திறந்தார்கள். நீ படித்து முடிக்கும்போது எந்தப் பக்கம் இருக்குமோ, அப்போது பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்த மூலையில் இருந்த இரண்டு எழுத்து உறுத்தியது உண்மை. ஆனால் ஐஸ்கிரீம் கம்பெனிக்குத் திரும்பிப் போகலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மகள் எம்.எல்.டி. படிக்கிறாள். நாளெல்லாம் கிருமியோடு இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து விடமாட்டாளா? போன வருஷம் நிபா என்று வாளையாறு செக்போஸ்ட்டில் ஆளை நிறுத்திக் காய்ச்சல் பார்த்தார்களே.
- ஓர் அம்மா, மீனாட்சிபுரம்

பயம் நியாயம்தான் அம்மணி. 2025 ஜூலையில் நம் பாலக்காடு மாவட்டத்திலேயே நிபா வந்தது. ஆனால் நிபாவைச் சாதாரண ஆஸ்பத்திரி லேபில் யாரும் வளர்ப்பதில்லை. அதற்கு ஆகப்பெரிய பாதுகாப்பு வசதி வேண்டும். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தில் அது இருக்கிறது.

உங்கள் மகளுக்கு ஆபத்து வேறு பக்கத்தில். ஊசி குத்திக்கொள்வது, லேப் ஃப்ரிட்ஜில் தயிர்சாத டப்பாவை வைப்பது, அப்புறம் பிளேட்டை மோந்து பார்ப்பது. சிரிக்காதீர்கள், எங்கள் காலத்தில் அது ஒரு கலை. சூடோமோனாஸ் வளர்ந்தால் திராட்சை வாசம் வரும், அதை வைத்தே பெயர் சொல்லிக் கெத்துக் காட்டுவோம். புருசெல்லா என்று ஒரு கிருமி மாட்டிலிருந்து, காய்ச்சாத பாலிலிருந்து வரும். அதன் பிளேட்டை மோந்தால் நேரே மூச்சுக்குள் போய்விடும். சித்தூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு மாடு கட்டியிருக்கிற ஊர் என்பதால் நான் அந்தக் கெத்தை 2003லேயே விட்டுவிட்டேன். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டாயிற்றா என்று மகளிடம் கேளுங்கள். கோட்டை லேபிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.

சளிப் பரிசோதனைக்குக் கொடுத்த மாதிரியை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னைப் பிடிக்கவில்லையா, என் சளியைப் பிடிக்கவில்லையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தூர்

வாத்தியாரய்யா, நீங்கள் கொடுத்தது சளியாக இருந்திருக்காது, எச்சிலாக இருந்திருக்கும். ஸ்லைடில் சாயம் போட்டுப் பார்த்தால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நெஞ்சிலிருந்து வந்ததென்றால் சீழ் செல்கள் கூட்டமாக இருக்கும். வாயிலிருந்து வந்ததென்றால் கன்னத்துத் தோலின் செல்கள் தட்டுத் தட்டாகக் கிடக்கும். எச்சிலைக் கல்ச்சர் போட்டால் வாயில் குடியிருக்கும் கிருமியெல்லாம் வளரும். அதற்கொரு மருந்துப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தால் டாக்டர் அதைப் பார்த்து ஊசி போடுவார். தேவையில்லாத ஊசி. அதனால்தான் திருப்பி அனுப்புகிறோம்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு கூத்து உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வார்டுக்குப் போன் செய்து, "சிஸ்டர், ஆறாம் நம்பர் பெட்டின் சளி வரவில்லை" என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. மலையாளத்தில் சளி என்றால் சேறு. பெட்டுக்குச் சேறு எதற்கு என்று கேட்கிறாள்! சரி, இனி அவர்கள் சொல்லையே சொல்லுவோம் என்று "கபம்" என்று மாற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் வடகரப்பதியிலிருந்து ஒரு தாத்தா. "கபம் வேணும்" என்று சிஸ்டர் டப்பாவை நீட்டியிருக்கிறாள். "எனக்குப் பித்த உடம்பும்மா, கபம் கிடையாது" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் நானே மாடியேறிப் போய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினேன். வார்டே வேடிக்கை பார்த்தது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். காலையில் எழுந்ததும், டீக்கு முன்னால், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். வாசலுக்கு வந்து நின்று இரண்டு மூன்று தடவை மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, அடியிலிருந்து இருமுங்கள். கெட்டியாக வருவதை மட்டும் டப்பாவில் துப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அளவு கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை.

தனியார் லேபில் ஆறு வருடமாக டெக்னீஷியன். சம்பளம் ஏறவே இல்லை. கல்ஃப் போகலாமா?
- வாசகர், கோபாலபுரம்

போகலாம். சான்றிதழ்களையும் அனுபவத்தையும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள், அப்புறம் ப்ரோமெட்ரிக் என்ற கம்ப்யூட்டர் தேர்வு இருக்கும். சம்பளமே ஏறாத லேபில் அனுபவச் சான்றிதழ் தர மட்டும் ஓடிவருவார்கள் என்று நம்பாதீர்கள். முதலில் அதை முத்திரையோடு வாங்கி வையுங்கள். ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். எம்.டி. மைக்ரோபயாலஜி எடுக்கலாம் என்றால், "நோயாளியே இல்லாத டாக்டரா?" என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- வாசகர், பாலக்காடு

எடுங்கள் தம்பி. ஒரு கையெழுத்தாவது பிளேட்டைப் பார்த்துவிட்டுப் போட்டதாக இருக்கட்டும்.

நோயாளி இல்லை என்று யார் சொன்னது? இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று 1986ல் கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் மைக்ரோபயாலஜி துறை. டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டினார், மாணவி நிர்மலா தானே நேரில் போய் ரத்தம் சேகரித்தார். சென்னையில் அந்தச் சோதனைக்கு வசதி இல்லை. ஐஸ் பெட்டியோடு இரவு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குப் போனார். எந்த டாக்டருக்கு அதைவிட நெருக்கமாக நோயாளி கிடைத்துவிடுவார்?

அது பெரிய கதை. என்னுடைய சின்னக் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு ஆடி மாதம், நல்ல மழை. ஐம்பது வயது விவசாயி, சர்க்கரை நோயாளி, பத்து நாளாகக் காய்ச்சல். ரத்தக் கல்ச்சர் பாட்டிலை மெஷின் பாசிட்டிவ் என்று காட்டியது. ஸ்லைடில் சிவப்புக் குச்சிகள், இரண்டு முனையிலும் மட்டும் சாயம் ஏறி ஊக்கு மாதிரி. மறுநாள் மெஷின் "சூடோமோனாஸ்" என்று ஒரு பெயரைக் கொடுத்தது. அதையே அடித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் பிளேட்டில் மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தால் ஜென்டமைசினுக்கும் அசையவில்லை, கடைசி மருந்து என்று வைத்திருக்கும் கொலிஸ்டினுக்கும் அசையவில்லை. சாதாரண அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் பளிச்சென்று வட்டம். இது அந்த ஜாதி இல்லையே என்று பட்டது. ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு டாக்டர்கள் 1912ல் எழுதிவைத்த ஒரு கிருமி இருக்கிறது. அது தரும் நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும், மழைக்காலத்தில் கிளம்பும், சர்க்கரை நோயாளியைத் தேடிப் பிடிக்கும். செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது இரண்டு வாரம், அதன்பிறகு மூன்று மாதமாவது கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை. காசநோய் என்று நினைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தினால் ஆள் போய்விடுவார்.

அப்போது பிளேட் என் முன்னால் பெஞ்சில் திறந்து கிடந்தது. ட்யூட்டி டாக்டருக்குப் போன் போட்டு, காய்ச்சலுக்கு முன்னால் அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று விசாரிக்கச் சொன்னேன். டாக்டர் திருச்சூர்க்காரர், தமிழ் வராது. பெட் பக்கத்தில் போய் மகனிடம் கேட்டுவிட்டு வந்து மலையாளத்திலேயே சொன்னார்: "ஆள் ரெண்டாழ்ச்ச சளியில் நின்னு பணியெடுத்ததா."

இந்தத் தடவை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பிளேட்டை மூடி, சுற்றி டேப் ஒட்டி, பாதுகாப்பு கேபினெட்டுக்குள் நகர்த்தி வைத்துவிட்டு, மருந்தை மாற்றச் சொன்னேன்.