பிஎஸ்5-ஐ மானிட்டரில் இணைக்க: கேபிளைத் திருப்பிக் கொடுங்கள், மானிட்டரை மாற்றாதீர்கள்

கேள்வி: மகனுக்குப் பிஎஸ்5 (சோனியின் வீடியோ கேம் கருவி) வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் டிவி எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால், அலுவலக வேலைக்காக நான் வைத்திருக்கும் 27 அங்குல மானிட்டரில் (2560 × 1440) எச்டிஎம்ஐ வழியாக இணைத்தோம். படம் வருகிறது, ஆனால் எழுத்துகள் மங்கலாக இருக்கின்றன, சத்தம் வரவே இல்லை. கடையில் கேட்டால், “எச்டிஎம்ஐயில் முழு ரெசல்யூஷன் வராது, டிஸ்பிளே போர்ட்டில் போடுங்கள்” என்று ஒரு கேபிளைக் கொடுத்தார்கள். அதைச் செருகினால் ‘நோ சிக்னல்’ என்று காட்டுகிறது. இப்போது, மானிட்டர் பழசு, 4கே (3840 × 2160) மானிட்டர் வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மானிட்டரில் பழுது எதுவும் தெரியவில்லை. உங்களுக்கு விற்கப்பட்ட கேபிள்தான் இந்த வேலைக்கு ஆகாதது.

ஒரு முனையில் டிஸ்பிளே போர்ட், மறுமுனையில் எச்டிஎம்ஐ என்று கடைகளில் தொங்கும் கேபிள்கள் அநேகமாக எல்லாமே ஒருவழிப் பாதை போன்றவை. கணினியின் டிஸ்பிளே போர்ட்டிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐக்குப் படத்தைக் கொண்டுபோவதற்காகச் செய்யப்பட்டவை அவை. கணினியின் டிஸ்பிளே போர்ட் தேவைப்பட்டால் எச்டிஎம்ஐ சிக்னலையும் தானே அனுப்பவல்லது என்பதால், அந்தக் கேபிளுக்கு அதைக் கடத்துவதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. பிஎஸ்5-இலிருந்து வருவதோ எச்டிஎம்ஐ சிக்னல் மட்டும். அதை மானிட்டரின் டிஸ்பிளே போர்ட்டுக்குப் புரியவைக்க அந்தக் கேபிளுக்குள் எதுவுமே இல்லை. எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் ‘நோ சிக்னல்’தான் வரும்.

இது கடைக்காரர்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. கேபிள் விற்பனையில் கிடைக்கும் லாப விகிதம் மானிட்டர் விற்பனையில் கிடைப்பதில்லை. முதலில் கேபிள், அது வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்தால் மானிட்டர் என்பது பழகிப்போன வியாபாரமாகிவிட்டது. பில்லோடு போய்க் கேபிளைத் திருப்பிக் கொடுங்கள். “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டினால் தயங்க வேண்டாம். பொருந்தாத பொருளைப் பொருந்தும் என்று சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகமாகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் வாங்கவில்லை என்றால் வாதாடுவது கடினம்; சில நூறு ரூபாய்ப் பொருளுக்குக்கூடப் பில் கேளுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

இனி மங்கலுக்கு வருவோம். பிஎஸ்5 2020 நவம்பரில் வெளிவந்தபோது அதற்கு 1440பி, அதாவது 2560 × 1440 புள்ளிகள் கொண்ட படம், தெரியாது. உங்களுடையதைப் போன்ற மானிட்டருக்கு அது பெரும்பாலும் 1080பி (1920 × 1080) படத்தையே அனுப்பும். மானிட்டர் அந்தப் படத்தின் மூன்று புள்ளிகளைத் தன் நான்கு புள்ளிகளில் நிரவிக் காட்டும். எழுத்துகளின் விளிம்பு கலைந்து தெரிவதற்குக் காரணம் அதுவே. 2022 செப்டம்பரில் வந்த மென்பொருள் புதுப்பிப்பில் சோனி நிறுவனம் 1440பி வசதியைச் சேர்த்துவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன. அவற்றைப் படித்துவிட்டுப் பிஎஸ்5-இல் 1440பி வராது என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள்.

கருவியின் மென்பொருளை முதலில் புதுப்பியுங்கள். பிறகு செட்டிங்ஸ், ஸ்க்ரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் என்று போனால் ‘டெஸ்ட் 1440பி அவுட்புட்’ என்ற வரி இருக்கும். மானிட்டர் ஏற்கிறதா என்பதைக் கருவியே சோதித்துச் சொல்லும். ஏற்கிறது என்றால் ரெசல்யூஷனை 1440பி என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். இடையில் எதையாவது மாற்றித் திரை கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம்: கருவியை அணைத்துவிட்டு, இரண்டாவது ‘பீப்’ கேட்கும்வரை பவர் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்; கண்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் இணைத்தால், வரும் பட்டியலில் ‘சேஞ்ச் வீடியோ அவுட்புட்’ மூலம் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இங்கே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கடைக்காரர் சொன்னதில் இருக்கும் அரை உண்மை அதில்தான் இருக்கிறது. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரமே விநாடிக்கு 10.2 கிகாபிட் தரவைக் கடத்தக்கூடியது. 1440பி படம் 60 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 60 முறை) போவதற்கு அது தாராளம். இருந்தும் பழைய மானிட்டர்கள் சிலவற்றில், திரையில் 2560 × 1440 புள்ளிகள் இருந்தாலும், எச்டிஎம்ஐ துளை 1920 × 1080-க்கு மேல் ஏற்காதபடி உற்பத்தியாளரே அமைத்திருந்தார். முழுத் தெளிவு டிஸ்பிளே போர்ட்டில் மட்டுமே கிடைத்தது. உங்களுடையது அந்த வகையா என்பதைக் கையேட்டில் ஒவ்வொரு துளைக்கும் எதிரே போட்டிருக்கும் அதிகபட்ச ரெசல்யூஷனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் இருந்தால் இரண்டுக்கும் பாருங்கள், ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ 1.4, 2.0 என்று மாற்றிக்கொள்ளும் வசதி மானிட்டரின் சொந்த மெனுவிலேயே ஒளிந்திருக்கும். இவ்வளவும் பார்த்த பிறகு, எச்டிஎம்ஐ 1080பி-யோடு நின்றுவிடுகிறது என்று உறுதியானால் மட்டும், எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்பிளே போர்ட்டுக்கு மாற்றும் ‘ஆக்டிவ்’ கன்வெர்ட்டர் ஒன்று தேவைப்படும். அதில் ஒரு சிறு பெட்டியும், மின்சாரத்துக்காக ஒரு யுஎஸ்பி வாலும் இருக்கும். எந்தத் திசையில் வேலை செய்யும் என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். யுஎஸ்பி வால் இல்லாததை வாங்காதீர்கள். கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லி, படம் வந்த பிறகு பணம் கொடுங்கள்.

நிறங்கள் வெளுத்து, கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், அதே வீடியோ அவுட்புட் பக்கத்தில் ‘ஆர்ஜிபி ரேஞ்ச்’ என்பதை ‘ஃபுல்’ என்று மாற்றிப் பாருங்கள். சத்தம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாததுதான். மானிட்டரின் பின்புறம் ஹெட்போன் துளை இருந்தால் கணினி ஸ்பீக்கரை அதில் செருகலாம். எச்டிஎம்ஐ வழியாக வரும் ஒலி அங்கே வெளிவரும். அதுவும் இல்லையென்றால் கண்ட்ரோலரின் அடியில் உள்ள 3.5 மில்லிமீட்டர் துளையில் சாதாரண இயர்போனைச் செருகினால் போதும். இதற்காகப் புளூடூத் ஹெட்போன் வாங்கிவிடாதீர்கள். பிஎஸ்5 அவற்றை நேரடியாக ஏற்பதில்லை.

4கே மானிட்டரைப் பற்றி. பிஎஸ்5-இன் பல விளையாட்டுகள் உள்ளுக்குள் 4கே-க்குக் குறைவான தெளிவில் வரையப்பட்டு, பிறகுதான் பெரிதாக்கப்படுகின்றன. மேசையில் வைத்து விளையாடும் 27 அங்குலத் திரையில் 1440பி போதாது என்று யாராவது சொன்னால் அது விற்பனைப் பேச்சு. என்றாவது வாங்கும் நிலை வந்தால், பெட்டியில் ‘எச்டிஎம்ஐ 2.1’ என்று இருப்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். 2.0 தரத்தின் வேகம் விநாடிக்கு 18 கிகாபிட், 2.1-இன் உச்சம் 48 கிகாபிட். ஆனால் எச்டிஎம்ஐ உரிமங்களை நிர்வகிக்கும் அமைப்பே 2021 டிசம்பரில், 2.0 என்ற தரம் இனி தனியாக இல்லை என்றும், 2.1-இன் புதிய வசதிகள் எதுவும் கட்டாயமில்லை என்றும் விளக்கம் அளித்துவிட்டது. அதாவது 18 கிகாபிட் துளைக்கும் 2.1 என்று பெயர் வைக்கலாம். எந்தெந்த வசதிகள் உண்டு என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிட வேண்டும் என்கிறார்கள்; அது பெட்டியின் எந்த மூலையில் இருக்கும் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை வாங்குபவரின் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு தரத்துக்கு எண் கொடுப்பதே சாதாரண மனிதர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான். அந்த ஒரே பயனையும் அழித்துவிட்ட இந்த ஏற்பாட்டை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை. கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எச்டிஎம்ஐ வழியாக 4கே, 120 ஹெர்ட்ஸ் வருமா?” அந்த 120 டிஸ்பிளே போர்ட்டுக்கு மட்டும் உரியதாக இருந்தால் உங்கள் மகனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தங்கமுலாம் பூசிய, பின்னல் உறை போட்ட கேபிள்களையும் தள்ளிவிடுங்கள். பிஎஸ்5 பெட்டிக்குள் வந்த கேபிளே ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ வகை; 4கே 120 ஹெர்ட்ஸுக்கும் அதுவே போதும். அதைத் தொலைத்திருந்தால் மட்டும், ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய சான்று ஸ்டிக்கர் ஒட்டிய, அதே பெயர் அச்சிட்ட கேபிளை வாங்குங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் வீடியோ அவுட்புட் பக்கத்தில் ‘வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்’ என்ற வரியைத் திறந்து பாருங்கள். கருவி இந்த நொடியில் எந்த ரெசல்யூஷனை, எத்தனை ஹெர்ட்ஸில் அனுப்புகிறது என்று அங்கே இருக்கும். 2560 × 1440 என்று இருந்தும் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் மானிட்டரின் ‘ஷார்ப்னஸ்’ அளவை அதன் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். 1920 × 1080 என்று இருந்தால் மேலே சொன்ன கையேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து, மானிட்டரின் மாடல் எண்ணோடு எழுதி அனுப்புங்கள்.